கழுத்தில் 172, இதயத்தில் 28: பைபாஸுக்கு முந்தைய ஒரு கரோட்டிட் டாப்ளர்

நோயாளியும் கேள்வியும்

கேட்புச் சீட்டில் இருந்தது ஒரே வரி: "பைபாஸுக்கு முன், இரு பக்கமும் கரோட்டிட் டாப்ளர்." கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகளில் ரத்தம் ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்டால் அளக்கும் ஸ்கேன் அது. நோயாளி 63 வயது ஆண். பதினைந்து ஆண்டுச் சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, ஆறு மாதத்துக்கு முன் விட்ட சிகரெட். நெஞ்சுவலியோடு வந்து சேர்ந்தவருக்கு ஆஞ்சியோகிராமில் இடது பிரதான கரோனரித் தமனியில் 70 விழுக்காடு சுருக்கம். மூன்று பெரிய கிளைகளிலும் நோய் இருந்தது. எக்கோவில், உடலுக்கு ரத்தம் தள்ளும் அறையான இடது வென்ட்ரிக்கிளின் இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 28 விழுக்காடு. அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அறையில் இருக்கும் ரத்தத்தில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் வெளியே போகிறது. ஆரோக்கியமான இதயத்தில் பாதிக்கு மேல் போகும். அந்த ரத்தம் வெளியேறும் வழியில் உள்ள அயோர்ட்டிக் வால்வில் சுருக்கமோ கசிவோ இல்லை.

இந்த 28-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். நோயாளி யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் அறிக்கை

எங்கள் பிரிவில் படம் எடுப்பது டெக்னீஷியன், அறிக்கை எழுதுவது நான். அன்றைக்கு இது பதினோராவது ஸ்கேன். கழுத்தில் ஏறும் பொதுக் கரோட்டிட் இரண்டாகப் பிரியும்: மூளைக்குப் போவது உட்கரோட்டிட், முகத்துக்குப் போவது வெளிக்கரோட்டிட். இவருக்கு வலது உட்கரோட்டிட் கிளம்பும் இடத்தில் பருத்த படிவு. அங்கே ரத்தத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 172 செ.மீ., இதயம் தளரும் டயஸ்டோல் கட்டம் முடியும் தருணத்தில் 68. இடது பக்கம் சிறு படிவு, உச்ச வேகம் 70. கை பழக்கத்தில் எழுதிவிட்டது: "வலது உட்கரோட்டிட்டில் 50 முதல் 69 விழுக்காடு சுருக்கம். இடது பக்கம் 50-க்குக் கீழ்."

அமெரிக்காவின் அல்ட்ராசவுண்ட் ரேடியாலஜி வல்லுநர் சங்கம் கூட்டிய குழு 2003-ல் வெளியிட்ட அளவுகோல்தான் பல ஆய்வகங்களில் சுவரில் ஒட்டியிருக்கிறது. உச்ச வேகம் 125-க்குக் கீழ் என்றால் சுருக்கம் 50 விழுக்காட்டுக்குள். 125 முதல் 230 வரை என்றால் 50 முதல் 69. அதைத் தாண்டினால் 70-ம் அதற்கு மேலும். 172 நடுக்கட்டத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. டயஸ்டோல் வேகம் 68 என்பதும் அதே கட்டம்தான், 40-க்கும் 100-க்கும் இடையில். இரண்டு எண்கள் ஒன்றையொன்று ஆமோதிக்கும்போது மூன்றாவதைத் தேடிப் போக யாருக்கும் தோன்றுவதில்லை.

கையெழுத்திட்டு அனுப்புவதற்குள் டெக்னீஷியன் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், அந்தப் பைபாஸ் கேஸ்ல பொதுக் கரோட்டிட் 36 தான் வந்துச்சு. மூணு தடவை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிள் தப்பா வெச்சிட்டேனான்னு ஒரு சந்தேகம்."

அல்ட்ராசவுண்ட் கதிருக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான ஆங்கிள் சரியாகத்தான் இருந்தது. தப்பு என் பக்கம்.

36 சொன்னது

பொதுக் கரோட்டிட்டில் உச்ச வேகம் பெரியவர்களுக்குச் சாதாரணமாக 60 முதல் 100 வரை இருக்கும். இவருக்கு வலதில் 36, இடதில் 38. ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அந்தப் பக்கக் குழாயின் தொடக்கத்தில் அடைப்பு இருக்கிறதா என்று கீழே இறங்கித் தேட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தால் காரணம் இரண்டு குழாய்க்கும் பொதுவான இடத்தில், அதாவது வால்விலோ இதயத் தசையிலோ இருக்கும். வால்வு நன்றாக இருப்பதை எக்கோ ஏற்கெனவே சொல்லிவிட்டது.

குழாய் குறுகும் இடத்தில் ரத்தம் வேகம் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோட்டத்து ஹோஸ் பைப்பின் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவது போல. ஆனால் எவ்வளவு தூரம் பீய்ச்சும் என்பதைத் தீர்மானிப்பது விரல் மட்டும் இல்லையே, குழாயில் தண்ணீர் எந்த அழுத்தத்தில் வருகிறது என்பதும்தான். மோட்டார் தளர்ந்திருந்தால், முனையை முக்கால்வாசி மூடினாலும் தண்ணீர் காலடியில்தான் விழும். 230 என்ற எல்லைக்கோடு நன்றாக ஓடும் மோட்டாரை நினைத்துப் போட்டது.

அதனால்தான் விகிதம் என்று ஒன்று இருக்கிறது. உட்கரோட்டிட்டின் உச்ச வேகத்தைப் பொதுக் கரோட்டிட்டின் உச்ச வேகத்தால் வகுப்பது. மேலும் கீழும் ஒரே இதயம்தான் தள்ளுகிறது என்பதால் இதயத்தின் பலவீனம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். 2003 குழுவின் கணக்கில் விகிதம் 2-க்குக் கீழ் என்றால் 50 விழுக்காட்டுக்குள், 2 முதல் 4 வரை 50–69, 4-க்கு மேல் 70-ம் அதற்கு மேலும். இவருக்கு 172-ஐ 36-ஆல் வகுத்தால் 4.8.

இது ஏதோ நுணுக்கமான விதிவிலக்கும் அன்று. படிவின் தோற்றமும் உச்ச வேகமும்தான் முதல் அளவுகோல் என்று சொன்ன அதே குழு, எப்போது உச்ச வேகத்தை மட்டும் நம்பக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது: எதிர்ப்பக்கத்தில் கடுமையான சுருக்கம், அடுத்தடுத்து இரண்டு சுருக்கங்கள், கண்ணுக்குத் தெரியும் படிவுக்கும் எண்ணுக்கும் பொருந்தாமை, இதயம் அதிவேகமாக இயங்கும் நிலை, இதயத்தின் வெளியேற்றம் குறைந்த நிலை. சுவரில் ஒட்டும் நகலில் அட்டவணை மட்டும்தான் இருக்கும். அதற்குக் கீழே இருந்த பத்தி ஜெராக்ஸில் விழுவதில்லை.

மறு ஸ்கேன்

மறுநாள் காலை ஸ்கேன் கருவியின் ப்ரோபை நானே கையில் எடுத்தேன். தலையணையை எடுத்துவிட்டு, "ஐயா, முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக்கோங்க, மூச்சு சாதாரணமா விடுங்க" என்றேன். முதலில் குறுக்குவெட்டு, கழுத்தெலும்புக்கு மேலிருந்து தாடை வரை மெதுவாக ஏறினேன். இதை நிறையப் பேர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நீளவெட்டில் படிவின் ஒரு முகம்தான் தெரியும். குறுக்குவெட்டில்தான் ரத்தம் போக உண்மையில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். இவருக்கு, கரோட்டிட் இரண்டாகப் பிரியும் குமிழில் தொடங்கி உட்கரோட்டிட்டுக்குள் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. நீளத்துக்குப் படிவு. கலர் போட்டால் வட்டமான குழாயின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு, முன்பக்கம் ஒரு பிறை மட்டும் நிறத்தோடு. பாதியளவு சுருங்கிய குழாய் அப்படி இருக்காது. முந்தைய நாள் படங்களிலும் இந்தப் பிறை இருந்தது. பார்த்தும் எண்ணைத்தான் நம்பியிருக்கிறேன்.

அந்தக் கறுப்பும் கவலை தரும் கறுப்பு. அல்ட்ராசவுண்டில் சுண்ணாம்பேறிய படிவு வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும், பின்னால் நிழல் விழும். கொழுப்பும் ரத்தக்கசிவும் நிறைந்த மென்மையான படிவு ரத்தத்தைப் போலவே கறுப்பாக இருக்கும். கலர் போடாவிட்டால் அங்கே படிவு இருப்பதே தெரியாது. கிரே-வீல் என்பவரும் கூட்டாளிகளும் 1988-ல் போட்ட வகைப்பாட்டில், மெல்லிய மூடியோடு முழுக்கக் கறுப்பாக இருப்பது முதல் வகை, முழுக்க வெள்ளை நான்காம் வகை. இவருடையது முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் நடுவில். கறுப்புப் படிவுகளிலிருந்துதான் துணுக்குகள் பெயர்ந்து மூளைக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

பிறகு டாப்ளர். எந்தக் கிளை எது என்று முதலில் உறுதி செய்ய, காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டுத் தமனியை விரலால் தட்டினேன். வெளிக்கரோட்டிட்டாக இருந்தால் தட்டும் ஒவ்வொரு முறையும் அலைவரையில் ரம்பப்பல் போல நடுக்கம் விழும். வேகம் கூடிய கிளையில் நடுக்கம் இல்லை. சரி, உட்கரோட்டிட்தான். ஆங்கிளை 60 டிகிரிக்கு மேல் போகவிடாமல் வைத்தேன். டாப்ளர் கணக்கில் வேகம் ஆங்கிளின் கொசைனால் வகுபடுகிறது. 45 டிகிரியில் 5 டிகிரி கூட்டி வைத்தால் வேகம் 10 விழுக்காடு ஏறும், 60-ல் அதே 5 டிகிரி கூட்டினால் 18 விழுக்காடு ஏறிவிடும். டெக்னீஷியனின் சந்தேகம் நியாயமானதுதான். கொசைனின் குணம் அப்படி.

என் அளவுகளும் கிட்டத்தட்ட அவருடையவைதான். ஒரு விஷயம் புதிதாகக் கண்ணில் பட்டது. பொதுக் கரோட்டிட்டின் அலைவரையை மெதுவாக ஓடவிட்டபோது சிகரங்கள் சமமாக இல்லை. ஒன்று உயரம், அடுத்தது சற்றுக் குள்ளம், மறுபடி உயரம், மறுபடி குள்ளம். தாளம் தவறவில்லை, ஈசிஜியில் துடிப்பெல்லாம் சம இடைவெளியில்தான். களைத்துப்போன இடது வென்ட்ரிக்கிள் ஒரு துடிப்பில் கொடுத்ததை அடுத்த துடிப்பில் கொடுக்க முடியாமல் திணறும் கோலம் இது. எக்கோ அறிக்கையைப் படிக்காதவருக்குக்கூட இதயத்தின் நிலையைக் கழுத்தே எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவரிடம் விகிதம் எடுக்கும்போது மேலே உயரத் துடிப்பையும் கீழே குள்ளத் துடிப்பையும் எடுத்துவிடக்கூடாது. எதை எடுத்தாலும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். பொதுக் கரோட்டிட்டை அளப்பதும் குமிழுக்குள் இல்லாமல், பிரியும் இடத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே நேரான பகுதியில். குமிழுக்கு மிக அருகில் அளந்தால் வேகம் குறைந்து விகிதம் வீணாக ஏறும்.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன்: "ஐயா, எப்பவாவது கை கால் மரத்துப் போறது, பேச்சுக் குழறுறது, கண் தெரியாமப் போறது, இந்த மாதிரி ஏதாவது?"

"கை கால்லாம் ஒண்ணுமில்லை டாக்டர். கண்ணுதான் ஒரு நாள்... போன மாசம், பேப்பர் படிச்சிட்டிருந்தேன். வலது கண்ணுல மேல இருந்து ஒரு திரை இறங்கின மாதிரி. ஒரு அஞ்சு நிமிஷம். அப்புறம் தானா சரியாப் போச்சு. கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு விட்டுட்டேன்."

"ஒரு கண்ணா, ரெண்டு கண்ணுமா?"

"வலதுதான். கையால மூடி மூடிப் பார்த்தேனே."

இவ்வளவு கச்சிதமாகத் தானே சோதித்துப் பார்த்த நோயாளி அபூர்வம். வலது கண்ணுக்கு ரத்தம் தருவது வலது உட்கரோட்டிட்டின் முதல் முக்கியக் கிளை. படிவிலிருந்து ஒரு துணுக்கு விழித்திரைத் தமனிக்குள் போய், உடைந்து, கரைந்திருக்கிறது. இதயத்துக்காக வந்தவரிடம் யாரும் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அறிகுறி உள்ளது, அறிகுறி இல்லாதது

அந்த ஐந்து நிமிடத் திரை, என் அறிக்கையில் இருந்த எந்த எண்ணையும்விடக் கனமானது. கழுத்துத் தமனிச் சுருக்கத்தில் சிகிச்சையைப் பிரிக்கும் முதல் கேள்வியே அறிகுறி இருந்ததா என்பதுதான். வட அமெரிக்காவில் நடந்து 1991-ல் வெளியான பெரிய ஆய்வில், அறிகுறி கண்டு 70 முதல் 99 விழுக்காடு சுருக்கம் இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்து ஸ்ட்ரோக் இரண்டு ஆண்டில் 26 விழுக்காடு. படிவை அறுத்து நீக்கியவர்களுக்கு 9. அறிகுறியே இல்லாமல் 60 விழுக்காட்டுக்கு மேல் சுருக்கம் உள்ளவர்களை எடுத்துக்கொண்ட 1995 ஆய்வில் ஐந்து ஆண்டில் மருந்தில் 11 விழுக்காடு, அறுவையில் 5. பலன் உண்டு, ஆனால் மெல்லியது. கொழுப்பைக் குறைக்கும் இன்றைய ஸ்டாட்டின் மருந்துகள் பரவலாகாத காலத்துக் கணக்கு வேறு.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணில் மட்டும் அறிகுறி கண்டவர்களுக்கு ஸ்ட்ரோக் அபாயம், மூளையில் அறிகுறி கண்டவர்களைவிடக் குறைவு, ஏறத்தாழ பாதி. ஆனால் இவருக்குக் கறுப்புப் படிவு, சர்க்கரை நோய், அதோடு ரத்த அழுத்தம் ஏறி இறங்கப்போகும் பெரிய இதய அறுவை. பாதி என்பது நிம்மதி தரும் அளவுக்குச் சிறியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அடிக்கடி கேட்கப்படும் கேள்வி என்பதால். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் முழுஉடல் பரிசோதனையோடு கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா? அறிகுறியில்லாத பொதுமக்களுக்கு இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2014-ல் சொன்னதை 2021-லும் மாற்றவில்லை. தமனிச் சுவரின் உள், நடு அடுக்குகளின் தடிமனை மி.மீ.-இல் அளந்து மாரடைப்பு அபாயத்தைக் கணிக்கும் முறைக்கு ஒரு காலத்தில் நல்ல மவுசு. 2013-ல் அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் வழிகாட்டி அதை வழக்கமான பயன்பாட்டிலிருந்து நீக்கியது. அளக்கிறவருக்கு அளக்கிறவர் மாறும் பத்தில் ஒரு மி.மீ.-ஐ வைத்து ஒருவரைப் பயமுறுத்துவதில் எனக்கும் ஒருபோதும் உடன்பாடு இருந்ததில்லை. படிவு கண்ணுக்குத் தெரிந்தால் அது வேறு கதை.

இடது கை

வெர்டிப்ரல் தமனிகளையும் பார்க்காமல் கழுத்து ஸ்கேன் முடியாது. கழுத்துப் பகுதி முதுகெலும்புகளின் பக்கத் துவாரங்கள் வழியாக ஏறி மூளையின் பின்பகுதிக்குப் போகும் ஜோடி இது. எலும்பு நிழல்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் தெரியும் என்பதால் "இரு பக்கமும் ஓட்டம் மேல்நோக்கி" என்று ஒரு வரியோடு பலர் முடித்துவிடுவார்கள். முந்தைய நாள் நானும் அதையே எழுதியிருந்தேன்.

இடது பக்க அலைவரையை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டம் மேல்நோக்கித்தான். ஆனால் சிகரம் எழுந்த உடனே நடுவில் ஒரு வெட்டு. பள்ளம் விழுந்து மறுபடி வட்டமாக ஒரு சிறு ஏற்றம். பக்கவாட்டில் பார்த்தால் முயலின் காதும் முகமும் போல இருக்கும். இடது கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனி, வெர்டிப்ரல் பிரியும் இடத்துக்கு முன்னாலேயே சுருங்கியிருக்கிறது, கை தனக்கு வேண்டிய ரத்தத்தை வெர்டிப்ரல் வழியாக மூளையிலிருந்து இழுக்கப் பார்க்கிறது என்பதற்கு முதல் அடையாளம் இந்த முயல்.

இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தோம். வலது 128/74. இடது 102/70. மேல் எண்ணில் 26 வித்தியாசம். 15-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். இடது கையில் கஃப்பைக் கட்டி, மேல் எண்ணுக்கு மேலே ஏற்றி மூன்று நிமிடம் வைத்துத் திடீரென்று விட்டோம். ரத்தப் பசி எடுத்த கை இழுக்க, இடது வெர்டிப்ரலின் அலைவரை அப்படியே கோட்டுக்குக் கீழே புரண்டது. அரை நிமிடத்தில் மெல்ல மேலே திரும்பியது.

வார்டு சார்ட்டை வாங்கிப் பார்த்தேன். வலது கையில் டிரிப் ஊசி போட்டிருந்ததால் சேர்ந்த நாளிலிருந்து பிரஷர் எல்லாம் இடது கையில்தான் எடுத்திருந்தார்கள். 100, 104, 98 என்று வரிசை. "பம்பிங் குறைவு, அதனால் பிரஷரும் குறைவு" என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு, இதயத்துக்குத் தேவையான மாத்திரையின் அளவைக் குறைத்தும் வைத்திருந்தார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியில் இருந்த உண்மையான அழுத்தம் 128.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பைபாஸில் முன்பக்க கரோனரிக்கு ஒட்டப்படும் மிகச் சிறந்த குழாய் இடது உள்மார்புத் தமனி. பல பத்தாண்டுகள் அடையாமல் இருக்கும் பெருமை அதற்கு உண்டு. அது கிளம்புவது இடது சப்கிளேவியனிலிருந்து. சப்கிளேவியன் சுருங்கியிருந்தால், அந்த ஒட்டு இதயத்துக்கு ரத்தம் தருவதற்குப் பதில், இடது கை வேலை செய்யும்போது இதயத்திலிருந்தே ரத்தத்தைக் கைக்குத் திருப்பும். சுவரில் ஆணி அடிக்கும்போது நெஞ்சுவலி வரும் பைபாஸ் நோயாளிகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

சி.டி.யும் வகுத்தலும்

கரோனரி ஆஞ்சியோவின் கான்ட்ராஸ்ட் சிறுநீரகத்திலிருந்து கழிய நான்கு நாள் விட்டு, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் நிலையாக இருப்பதைப் பார்த்து, மகாதமனி வளைவிலிருந்து மண்டை வரை சி.டி. ஆஞ்சியோ எடுத்தோம். வலது உட்கரோட்டிட்டில் மிச்சமிருந்த வழி 1.2 மி.மீ. படிவைத் தாண்டி மேலே குழாய் சீராக இருக்கும் இடத்தில் விட்டம் 4.6. சுருக்கம் 74 விழுக்காடு. இடது சப்கிளேவியனின் தொடக்கத்தில் பாதிக்கு மேல் சுருக்கம்.

அந்த 74 எப்படி வந்தது என்பதில் ஒரு சிக்கல் உண்டு, அறுவை நிபுணர்களோடு பேசும்போது இது அடிக்கடி சண்டையாகும். வட அமெரிக்க முறையில் மிச்ச வழியை மேலே உள்ள சீரான குழாயோடு ஒப்பிடுவார்கள்: 1.2-க்கு 4.6. ஐரோப்பாவில் நடந்த இதே மாதிரி ஆய்வு ஒன்று பயன்படுத்திய முறையில், படிவு உட்கார்ந்திருக்கும் குமிழின் இயல்பான விட்டத்தோடு ஒப்பிடுவார்கள். இவருக்கு அது ஏறக்குறைய 8 மி.மீ.; கணக்கு 85 விழுக்காடு ஆகிறது. ஒரே குழாய், ஒரே மிச்ச வழி, இரண்டு எண்கள். டாப்ளரின் 125, 230 எல்லைகள் வட அமெரிக்க முறைக்குப் பொருந்தும்படி அமைந்தவை. அறிக்கையில் எந்த முறை என்று எழுதாத விழுக்காட்டைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்றையும் சி.டி. தீர்த்துவைத்தது. சுருக்கம் கூடக்கூட வேகமும் கூடிக்கொண்டே போகாது. ஓர் எல்லையைத் தாண்டி, குழாய் அடைபடும் தறுவாயில், ஓட்டமே வற்றி வேகமும் விழுந்துவிடும். ஸ்பென்சரும் ரீடும் 1979-ல் வரைந்த வளைகோடு இதைத்தான் காட்டுகிறது. 172 அந்த வளைவின் இறங்கு பக்கத்தில் இருந்திருக்குமோ என்ற கேள்வி எனக்கு இருந்தது. மேலே உள்ள குழாய் சுருண்டு மெலியாமல் 4.6 மி.மீ.-இல் நின்றதால் அந்தக் கவலை தீர்ந்தது.

திருத்திய அறிக்கையை முதல் அறிக்கைக்கு மேலே, "முந்தைய அறிக்கைக்குப் பதிலாக" என்ற வரியோடு அனுப்பினேன்.

முடிவு எடுத்த விதம்

இதய அறுவை நிபுணர், ரத்தக்குழாய் அறுவை நிபுணர், நரம்பியல் மருத்துவர், மயக்க மருத்துவர், நான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். கழுத்தை முதலில் சரிசெய்தால் இடது பிரதான தமனியில் 70 விழுக்காட்டோடு உள்ள இதயம் அந்த மயக்கத்தைத் தாங்குமா? இதயத்தை முதலில் செய்தால், இதயத்துக்குப் பதில் செயற்கைப் பம்ப்பில் ரத்தம் ஓடும் நேரத்தில் அழுத்தம் குறைந்து, அல்லது துணுக்குப் பெயர்ந்து, வலது மூளைக்கு என்ன ஆகும்? கழுத்தில் ஸ்டென்ட் வைத்தால் இரட்டை ரத்தம் உறையா மருந்துகள் தேவை. அதோடு நெஞ்சைத் திறக்க யாரும் விரும்பவில்லை. சப்கிளேவியனில் ஸ்டென்ட் என்ற யோசனையும் அதே இடத்தில் முட்டி நின்றது.

கடைசியில் ஒரே மயக்கத்தில் இரண்டும் என்று முடிவாயிற்று: முதலில் வலது கரோட்டிட் படிவு நீக்கம், தொடர்ந்து பைபாஸ். இந்தக் கூட்டு அறுவையின் ஆபத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. அறிகுறியே இல்லாத ஒருவருக்கு இதை நான் ஆதரித்திருக்க மாட்டேன். முன்பக்க கரோனரிக்கு இடது உள்மார்புத் தமனிக்குப் பதில் வலது உள்மார்புத் தமனி, மற்றவற்றுக்குக் காலிலிருந்து எடுத்த சிரை. பிரஷர் கண்காணிப்பு ஊசி வலது கையில் என்று மயக்க மருத்துவர் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்.

குமிழிலிருந்து வெளியே வந்த படிவை மறுநாள் தட்டில் பார்த்தேன். மஞ்சள் கூழ் போல ஒரு பொருள், நடுவே கருஞ்சிவப்பாக ரத்தம் கசிந்த திட்டு. உள்முகத்தில் கடுகளவு ஒரு பள்ளம். மூடி அங்கே கிழிந்திருந்தது. திரையில் கறுப்பாகத் தெரிந்தது இதுதான்.

பிறகு

ஸ்ட்ரோக் இல்லை. நாக்கு நேராக நீண்டது, குரல் கம்மவில்லை. கழுத்தில் கத்தி வைத்த பிறகு பார்க்க வேண்டிய நரம்புகள் பிழைத்தன. ஒரு மாதத்தில் வலது உட்கரோட்டிட் உள்ளே வழவழப்பாக, சுருக்கம் இல்லாமல் இருந்தது.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 28-லிருந்து 44-க்கு ஏறியிருந்தது. புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் ஸ்கேனை எடுத்துவிட்டு, தற்காலிக அறிக்கையில் இடது பக்கத்தைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருந்தார்: "உச்ச வேகம் 70-லிருந்து 126. 50–69 விழுக்காடு. நோய் முற்றியிருக்கிறது."

படிவைப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதே நீளம், அதே தடிமன். வலது பக்கம் திறந்துகொண்டதால் இடதின் சுமை குறைந்திருக்க வேண்டும், வேகமும் சற்று இறங்கியிருக்க வேண்டும். மாறாக ஏறியிருக்கிறது.

"பொதுக் கரோட்டிட் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"67 மேடம். நார்மல்தான்."

"போன தடவை?"

பழைய படத்தைத் தேடி எடுத்தார். 38. பேனாவை எடுத்து ஓரத்தில் வகுத்தார்: அப்போது 1.84, இப்போது 1.88. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வட்டத்தை அடித்தார்.